அவருக்கு நான் கொடுத்த சொற்கள்

ஜனவரி 6, திங்கள்

இன்றைக்கும் மூன்று பேர் வந்து என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒரு பெரிய டாக்டர், ஒரு சின்ன டாக்டர், அப்புறம் கேன்டீன்காரர். மண்டையைத் திறந்தது அவருக்கு, வாழ்த்து எனக்கு.

"உங்க வீட்டுக்காரர் கூடிய சீக்கிரம் உங்ககிட்டப் பேசப் போறாரும்மா. சந்தோஷந்தானே?" என்றார் பெரிய டாக்டர்.

"சந்தோஷமுங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

இந்த டைரி எங்களுக்கு உதிரி சாமான் கொடுக்கிற கடையிலிருந்து வந்தது. வருஷா வருஷம் வந்து காலியாகவே கிடக்கும். இந்த வருஷம் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். அவர்களிடம் மனசில் இருப்பதைச் சொன்னால் அந்தச் சிரிப்பு கெட்டுவிடும். அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த மிஷினைப் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் மூளைத்தண்டில் ரத்தம் அடைத்து விழுந்தார். அறிவு அப்படியே இருக்கிறது. காது கேட்கும், கண் தெரியும். கண்ணைத் தவிர உடம்பில் எதுவும் அசையாது. மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை. கண்ணால் எழுத்தைத் தொட்டு எழுதும் கருவி ஒன்றும் வாங்கிப் பார்த்தோம். அவர் கண் துடிக்கிற துடிப்பில் அது எதையும் பிடிக்கவில்லை. ஆகவே கேள்வியை நான் கேட்பேன், அவர் ஆமாம் இல்லை சொல்வார். அந்தக் கண்ணைப் படிக்க எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது கோவையில் இந்த ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில், வாயை அசைக்கச் சொல்லி உத்தரவு போடும் மூளைப் பகுதியின் மேல் மெல்லிய தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அவர் பேச முயன்றால் தகடு அதைப் பிடிக்குமாம், கம்ப்யூட்டர் அதைச் சொல்லாக மாற்றுமாம். சம்மதமா என்று கேட்டபோது மேலே பார்த்தார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் மேலே பார்த்து நான் கண்டதில்லை.

விழுவதற்கு முன் கடைசியாக என்ன சொன்னார் என்று சின்ன டாக்டர் கேட்டார்.

"முழுசாச் சொல்லலீங்க. பாதியிலயே விழுந்துட்டாரு."

அது உண்மைதான். நான் பவானியில் தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு சொல் சொன்னார். மூன்றாவதுக்குள் விழுந்துவிட்டார். எந்த இரண்டு சொல் என்று டாக்டர் கேட்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

தையல் பிரித்தார்கள். விரிப்பு இரண்டு முறை மாற்றினேன். சிறுவாணித் தண்ணீர் இனிக்கும் என்றார்கள். எனக்கு ஒன்றும் இனிக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கேன்டீனில் இலை போட்டு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். நெய்யைக் கண்ணில் காட்டவில்லை.

ஷெரின் என்று ஒரு பெண் இருக்கிறாள். மார்த்தாண்டத்துக்காரி, இஞ்சினியர். என் மகள் தாரணியைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். அவருடைய உச்சந்தலையில் சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு உலோக மூடி வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து கேபிளை எப்படி மாட்டுவது, சுற்றி எப்படித் துடைப்பது என்று காட்டினாள். "காலைல மாட்டணும், ராத்திரி கழட்டணும். இனி இது உங்க வேலைம்மா" என்றாள். என் வேலைகளோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணங் குரலை மறுபடி கேக்கப் போறமுங்க அண்ணி. ரிக் ஓடறப்பவே அந்தச் சத்தத்துக்கு மேல கேக்குமே அண்ணன் கொரலு" என்று தழுதழுத்தார். உண்மைதான். ரிக் ஓடாத வீட்டுக்குள்ளும் அதே குரல்தான்.

தங்கச்சியும் பேசினாள். "ஒரு நாளாவது வந்துட்டுப் போக்கா. அன்னிக்கு வந்ததோட சரி" என்றாள். அவள் மகள் சீருக்கும் போகவில்லை, வளைகாப்புக்கும் போகவில்லை. இரண்டு நாள் ஆள் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சளி அடைத்துக்கொண்டது அந்தப் பையனுக்குப் புரியவில்லை. உயிர் போகப் பார்த்தது. அன்றிலிருந்து மருந்துக்கடைக்குப் போனாலும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

ஷெரின் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் நாற்காலியைத் திருப்பி என் வலப்பக்கம் அவள் இருக்குமாறு போட்டுக்கொண்டேன்.

"மிஷினுக்கு இப்ப எல்லா வார்த்தையும் தெரியாதும்மா. முதல்ல நூறு வார்த்தை. அவர் என்ன பேச முயற்சி பண்ணினாலும், இந்த நூறுல எது பக்கத்துல வருதோ அதைத்தான் எடுத்துப் போடும். அதனால வீட்டுல அவர் எப்பவும் பேசற வார்த்தையாப் பார்த்துக் குடுங்க. உங்களைவிட வேற யாருக்குத் தெரியும்?"

சரிதான். என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்.

சாயங்காலம் வரை யோசித்துச் சொன்னேன். தண்ணி, வலிக்குது, வேர்க்குது, ஃபேன், திருப்பு, போதும். இப்படிப் பாதி வரை சுலபமாக வந்தது. அதற்கப்புறம், கண்ணு. சாப்பிட்டியா. தூங்கு. மெதுவா. பாவம். நல்லாருக்குது. வசந்தா. என் முழுப்பெயர் வசந்தாமணி. வசந்தா என்று என் அம்மா கூப்பிடுவாள்.

நூறுக்கு ஒன்று குறைந்தது. மன்னிச்சிரு என்று சொன்னேன். எண்ணிக்கைக்காகத்தான்.

ஷெரின் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அய்யா ரொம்ப அன்பானவர் போல" என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

பயிற்சி ஆரம்பம். திரையில் ஒரு சொல் வரும், பச்சை விளக்கு எரியும். அப்போது அவர் அந்தச் சொல்லை வாயால் சொல்ல முயல வேண்டும். வாய் அசையாது, ஆனால் மூளை அசைக்கப் பார்க்கும். அதை மிஷின் படித்துக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

தண்ணி, ஃபேன் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கண்ணு வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அய்யா, ஸ்கிரீனைப் பாருங்க" என்றாள் ஷெரின்.

பார்த்துத்தானே ஆக வேண்டும். பழகாவிட்டால் பேச்சு வராது. சொன்னார். கண்ணு, மறுபடி கண்ணு, அப்புறம் சாப்பிட்டியா. மன்னிச்சிரு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். களைத்துவிட்டார் என்று ஷெரின் இடைவேளை விட்டாள். இடைவேளை முடிந்ததும் அதே சொல் வந்து நின்றது.

நான் வெளியே போய் வேட்டிகளை உலர்த்தினேன். சிரிப்பு வந்தது. அடக்கவில்லை, சிரித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று முதல் முறையாக அவராகப் பேசவிட்டார்கள். அறை நிறைய ஆட்கள். யாரோ கேக் வேறு வாங்கி வந்திருந்தார்கள்.

"அய்யா, என்ன தோணுதோ சொல்லுங்க" என்றாள் ஷெரின்.

வெகுநேரம் திரையில் ஒன்றுமில்லை. அவர் கண் என் மேலேயே இருந்தது. முகம் சிவந்தது. பிறகு எழுத்து விழுந்தது.

வசந்தா கண்ணு தண்ணி

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நர்ஸ் ஒருத்தி அழுதே விட்டாள். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். அவர் கண்ணை மூடினார், திறந்தார், மூடினார், மூடினார்.

"என்னம்மா சொல்றார்?" என்று கேட்டாள் ஷெரின்.

"சந்தோஷத்துல மூச்சு முட்டுதுங்க அவருக்கு" என்றேன். பஞ்சை நனைத்து வாயை ஈரப்படுத்தினேன்.

பிப்ரவரி 19, புதன்

அவருடைய பழைய குரல் பதிவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள் ஷெரின். அதை வைத்து, திரையில் வருவதை அவர் குரலிலேயே பேச வைக்கலாமாம்.

"ஒண்ணும் இல்லீங்க."

"கல்யாண வீடியோ?"

"பூசணம் புடிச்சிருச்சு."

"அம்மா, நான் இந்தப் பக்கம் இருந்து பேசினா நீங்க திரும்பறீங்களே. இடது காது கேக்காதா?"

"சின்ன வயசுல காது குத்தறப்பச் சீழ் புடிச்சிருச்சு" என்றேன். பொல்லாத பெண். கண்ணில் ஒன்றும் தப்பவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி முழுக்க அவர் புகழ் பரவிவிட்டது. அன்பான மனிதர், இந்த நிலையிலும் மனைவியைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். பக்கத்து அறைக்காரி தன் புருஷனைக் கூட்டிவந்து காட்டி, "பாத்துப் படிங்க" என்றாள். அந்த ஆள் பாவம், தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஷெரினுக்கு மட்டும் ஒரு குறை. "சொல்லிக் குடுத்ததைச் சொல்றப்ப மிஷின் நல்லாப் பிடிக்குது. அவரா பேசறப்ப மட்டும் தடுமாறுது. நூறுல இல்லாத எதையோ சொல்ல வர்றார்ம்மா."

"என்னத்தச் சொல்லப் போறாரு. பழக்கமில்லாமதான் இருக்கும்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரையில் 'சாப்பிட்டியா கண்ணு' என்று வந்தது. "சாப்பிட்டனுங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் அதைச் சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

மார்ச் 22, சனி

கொழுந்தனார் வேலையைக் காட்டிவிட்டார். யாரோ சொல்லி, ஆயுத பூஜையன்று ரிக் ஆட்களை அவர் அதட்டிக்கொண்டிருக்கும் வீடியோவை நேரே ஷெரினுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்து குரலைச் செய்துவிட்டார்கள்.

இன்று மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது. என் கையிலிருந்த தண்ணீர் மக் கீழே விழுந்தது. சுவரோடு சேர்ந்து நின்றுவிட்டேன். குரல் சொன்னது, "மெதுவா, கண்ணு."

ஷெரின் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். சந்தோஷ அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் என்று வந்தது.

மார்ச் 26, புதன்

பூ வாங்கி வைத்துக்கொண்டேன். யாருக்காக என்று கேட்டால் என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். மத்தியானமே எடுத்து எறிந்துவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

தாரணி பெங்களூரிலிருந்து வந்தாள். பன்னிரண்டாவது முடித்ததும் ஹாஸ்டலுக்குப் போனவள். அப்பா விழுந்தபோது வந்து பார்த்தாள், அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் அதிகம். வந்தாலும் கட்டிலுக்கு அருகில் போக மாட்டாள். இன்றும் கதவோரமாகத்தான் நாற்காலியைப் போட்டாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் பேசியது.

"தாரணி கண்ணு. மன்னிச்சிரு."

அவள் பெயரையும் நூறில் சேர்த்தது நான்தான். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கட்டிலருகே போய் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை அவள் கன்னத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணை மூடி மூடித் திறந்தார். தாரணிக்கு அந்தக் கண்ணைப் படிக்கத் தெரியாது.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. தாரணி மறுபடி வந்துவிட்டாள். வாரா வாரம் வருகிறாள் இப்போது. கேன்டீனில் வைத்துச் சொன்னாள்.

"அம்மா, நான் வேலைய விட்டுட்டு வந்தர்றேன். நீ ஆறு வருசம் பாத்துட்டே. இனி அப்பாவ நான் பாத்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? அந்த வேலைக்கு எத்தனை பேரு தவங் கெடக்கறாங்க."

"அப்பா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரும்மா."

"மிஷின் கேட்டுச்சு."

"அப்பா கொரல்லம்மா கேட்டுச்சு. நீதான் இன்னும் பழசையே புடிச்சுத் தொங்கிட்டிருக்கறே. மனுசன் மாற மாட்டானா? படுக்கையில கெடந்து யோசிச்சிருப்பாருல்ல?"

அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தது நான் என்று சொன்னால், இவளுக்கு அப்பாவும் போவார், அம்மாவும் போவாள். டீ ஆறிப்போயிற்று. அவள் மே முதல் வாரத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கப் போகிறாளாம்.

இந்தப் பெண்ணை அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்ப நான் என்ன பாடுபட்டேன் என்று அவளுக்குத் தெரியாது. மார்க் குறைந்தால் ஹாஸ்டல் கிடையாது என்று அவர் சொன்னபோது, விடிய விடிய அவளோடு உட்கார்ந்து படிக்க வைத்தவள் நான். தானாகத் திரும்பி வந்து அந்தக் கட்டிலருகில் உட்காரப் போகிறாள். வரவழைத்தது என் வாய்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் கேபிளை மாட்டுவதற்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். இந்த ஆறு வருஷத்தில் எனக்கு வேண்டாத பதில் வரக்கூடிய கேள்வியை நான் அவரிடம் கேட்டதே இல்லை. வலிக்குதா, குளிருதா, அவ்வளவுதான். இன்று கேட்டேன்.

"ஏனுங்க. தாரணிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

கண்ணை மூடினார்.

"கேக்கணும்னு மனசுல இருக்குதா?"

திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடினார். நான் எழுந்திருக்கும்வரை திறக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஷெரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"எல்லா வார்த்தையும் வர்ற பெரிய அகராதி திறக்கப் போறோம்னியே கண்ணு. அவரு பேசற தோரணை வேணும்னு கேட்டியே. சொல்றேன், அடிச்சுக்கோ."

"நீங்கதான் ஏற்கனவே நூறு..."

"அது அவரு வார்த்தை இல்லை. என்னோட வார்த்தை."

அவள் ஒன்றும் கேட்காமல் கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் ஏய். அதுதான் என் பெயர். அப்புறம் சனியன். மூதேவி. தண்டச்சோறு. வாயை மூடு. உங்கப்பன் வீட்டுச் சொத்தா. எவங்கூட. தோலை உரிச்சிருவேன். யாரைக் கேட்டு. அதற்குமேல் சொன்னதை இங்கே எழுத விரும்பவில்லை. மளிகைச் சாமான் சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் அவள் விரல் நின்றுவிட்டது.

"நின்னுட்டியே. அடி."

அடித்தாள். பிறகு, "இதுல எது எப்ப வரும்னு சொன்னா மிஷினுக்கு உதவியா இருக்கும்மா" என்றாள். அவள் வேலை அவளுக்கு.

"சாப்பாட்டு நேரத்துல சனியன். சொந்தக்காரங்க வந்துட்டுப் போன பொறகு மூதேவி. நான் வெளிய போய்ட்டு வந்தா எவங்கூட. ரிக் போட்ட எடத்துல தண்ணி கெடைக்காத அன்னிக்கு எல்லாமே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அழறதுக்கு என்ன இருக்குது? உன்ற மிஷின் சரியா வேலை செய்யணுமா, வேண்டாமா?"

"இதையெல்லாம் அவர் உங்களைப் பார்த்து மறுபடி சொல்லுவாரேம்மா."

"கண்ணால சொல்லிட்டுத்தான் இருக்கறாரு. சத்தம் மட்டுந்தான் இல்லை."

அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் காது, காது குத்தினப்ப போனது இல்லை தானே?"

"வேலையப் பாரு" என்றேன்.

மே 2, வெள்ளி

புதுச் சொற்களைப் பழக்குகிறார்கள். அவருக்கு இப்போது களைப்பே வருவதில்லை. இடைவேளை வேண்டுமா என்றால் கண்ணை மூடுகிறார். மிஷினின் மதிப்பெண் எகிறிவிட்டது என்று பெரிய டாக்டர் ஷெரினைப் பாராட்டினார். ஷெரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் கொடுத்த சொற்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நடுநடுவே என்னைப் பார்த்தார். எதற்காகக் கொடுத்தேன் என்று அவருக்குப் புரியவில்லை. அந்த ஒரு கேள்வியை அவர் கண்ணில் நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

தாரணிக்குப் போன் செய்து, கடிதம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடு, வெள்ளிக்கிழமை வந்து அப்பா பேசுவதைக் கேட்டுவிட்டுக் கொடு என்றேன்.

மே 9, வெள்ளி

அகராதி திறந்தாயிற்று. இனி எந்தச் சொல்லும் வரும். தாரணி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

முதலில் வந்தது இதுதான்.

"மூக்கு அரிக்குது."

யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் போய் மூக்கைச் சொறிந்துவிட்டேன். வலிக்குதா, குளிருதா என்று ஆறு வருஷம் கேட்டேனே, மூக்கு அரிக்குதா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. எத்தனை நாள் அரித்ததோ.

"மேல."

மேலே சொறிந்தேன்.

"அங்கயில்லடி, மூதேவி."

அவர் முகத்தில் எதுவும் அசையாது, ஆனால் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது. பசித்தவன் முதல் கவளத்தை விழுங்கியதுபோல் இருந்தது. பிறகு அந்தக் கண் தாரணி பக்கம் போயிற்று.

"இவள யாரு வரச்சொன்னது. எவங்கூடச் சுத்திட்டு வர்றா."

பெரிய டாக்டர், சொற்கள் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, மிஷின் தவறு என்று ஏதோ இழுத்தார். "இல்ல சார், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல சரின்னு காட்டுது" என்றாள் ஷெரின்.

தாரணி வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் துண்டை நீட்டினேன்.

"அன்னிக்குச் சொன்ன மன்னிச்சிரு?"

"அது நான் குடுத்த வார்த்தை கண்ணு."

"நீயா?"

"நானேதான்."

துண்டை வாங்கவில்லை. ஈர முகத்தோடேயே பையை எடுத்துக்கொண்டு சாயங்கால வண்டிக்குப் போய்விட்டாள். வேலையை விட மாட்டாள். எனக்கு அது போதும். போதும் என்று எழுதுகிறேன், ஆனால் அவள் படியிறங்கியபோது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன்.

மே 10, சனி

காலையில் கேபிளை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் பயத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு வருமே, அது. பார்க்கச் சகிக்கவில்லை. மாட்டிவிட்டேன்.

"கைக்கு என்னடி கேடு" என்றார் மாட்டிய உடனே.

மே 12, திங்கள்

தாரணியிடமிருந்து ஒரே ஒரு செய்தி. 'சாப்பிட்டியாம்மா.' சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன். அப்புறம் நிஜமாகவே போய்ச் சாப்பிட்டேன்.

மே 15, வியாழன்

இங்கே முனியராஜ் என்று ஒரு வார்டு உதவியாளர் இருக்கிறார். விளாத்திகுளம் பக்கம். நல்ல உடம்பு, அதைவிடத் தடித்த தோல். என் வீட்டுக்காரர் எவ்வளவு வைதாலும், "சரிண்ணே, சரிண்ணே" என்று சிரித்துக்கொண்டே திருப்பிப் போடுகிறார். இன்று நான் வேண்டுமென்றே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன்.

"டேய், ஃபேனக் கொற." குறைத்தார்.

"சளி கட்டிருக்குது." உறிஞ்சி எடுத்தார்.

"வலது காலு மரத்துப்போச்சு. தேச்சுவிடு." தேய்த்துவிட்டார்.

காலையிலிருந்து மத்தியானம் வரை ஒருதரம்கூட யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அவர் என்ன சொல்கிறார் என்று வந்து கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து ஒரு வாரப்பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். இந்த மிஷினை நான் எவ்வளவு திட்டினேன். அது எனக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இன்று மத்தியானம்தான் உறைத்தது.

மே 17, சனி

இதை பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது.

காலையில் உச்சந்தலை மூடியைச் சுற்றிச் சுத்தமாகத் துடைத்தேன். கேபிளை மாட்டினேன். ஸ்பீக்கர் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். முதுகில் பவுடர் போட்டு, வேட்டி மாற்றி, மூக்கைச் சொறிந்துவிட்டேன். முனியராஜிடம் மருந்து வேளையைச் சொன்னேன். அப்புறம் பையை எடுத்தேன். பையில் இரண்டு புடவை, இந்த டைரி.

அவர் பையைப் பார்த்தார். கதவுவரை போயிருப்பேன். பின்னால் அந்தக் குரல் வந்தது.

"யாரைக் கேட்டுடி போற?"

அன்று வாசலில் நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது 'யாரைக் கேட்டு' என்றதோடு விழுந்தவர். மீதி இன்றைக்கு வந்து சேர்ந்தது. கால் தானாக நின்றுவிட்டது. பழகின கால்.

"ஏய். உன்னத்தான். காது செவிடா?"

இடது காது அவர் பக்கம் இருந்தது. பாதிதான் கேட்டது. முனியராஜ்தான் பதறிப்போய், "அக்கா ஊருக்குப் போறாங்கண்ணே. உங்களுக்கு என்ன வேணும், எங்கிட்டச் சொல்லுங்க" என்றார்.

"தண்ணி" என்றது ஸ்பீக்கர்.

முனியராஜ் பஞ்சை நனைக்கிற சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

பெருந்துறை தாண்டியதும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். வருகிறேன் என்றேன். அந்தக் காலத்துப் பயம் மாறாமல் கேட்டாள்.

"மாமாகிட்டச் சொல்லிட்டா வர்றே?"

"அவரு கேட்டாருடி" என்றேன். "நான் பதில் சொல்லலை."